கஞ்சா, ஹெம்ப் சட்டங்களுக்குக் கருத்துரை எழுதும் முறை: தென்னாப்பிரிக்கத் தமிழர்களுக்கு ஒரு வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவில் ஒரு சட்ட முன்வரைவோ விதிமுறை வரைவோ வெளியாகும்போது அதைப் பற்றிக் கருத்துச் சொல்ல மக்களுக்கு வழி இருக்கிறது. அரசியலமைப்பின் 59ஆம் பிரிவு தேசிய சபையையும், 72ஆம் பிரிவு மாகாணங்களின் தேசிய மன்றத்தையும், 118ஆம் பிரிவு மாகாணச் சட்டமன்றங்களையும், சட்டம் இயற்றும் வேலையில் மக்களுக்கு இடம் கொடுக்கும்படி கட்டாயப்படுத்துகின்றன. 2006இல் டாக்டர்ஸ் ஃபார் லைஃப் வழக்கில், மக்களின் கருத்தைப் போதிய அளவு கேட்கவில்லை என்பதற்காகவே நிறைவேறிய சட்டங்களை அரசியலமைப்பு நீதிமன்றம் செல்லாதவை என்று அறிவித்தது. ஆகவே நாம் அனுப்பும் கருத்துரையைப் படித்துப் பார்க்க வேண்டிய கடமை அவர்களுக்கு உண்டு. படிக்கத் தகுந்ததாக எழுதுவது நம் பொறுப்பு.

கஞ்சாவையும், அதே செடியின் போதை ஏறாத இரகமான ஹெம்பையும் சட்டப்படி வளர்க்கவும் விற்கவும் அனுமதிக்க வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டர்பனுக்கு வடக்கே டோங்காட் பக்கத்தில் கோவில் மண்டபத்தில் உட்கார்ந்து பலருக்கு இத்தகைய கருத்துரைகளை எழுத உதவியிருக்கிறேன். நம்மவர்கள் எழுதுபவற்றில் பெரும்பாலானவை "ஆதரிக்கிறோம்" அல்லது "எதிர்க்கிறோம்" என்று ஒரே வரியில் முடிந்துவிடுகின்றன. நிலத்தையும் கூலியையும் மழையையும் தெரிந்த ஒரு சமூகம், கணக்கும் காரணமும் சேர்த்து எழுதினால் அதற்கு இருக்கக்கூடிய எடை வேறு. அந்தக் கணக்கை எழுதும் முறையைத்தான் கீழே விளக்குகிறேன்.

எந்தச் சட்டம், எந்த அலுவலகம்

ஒரே செடியை இந்த நாட்டில் மூன்று வெவ்வேறு சட்டங்கள் ஆளுகின்றன. எதைப் பற்றி எழுதுகிறோம் என்று முதல் பத்தியிலேயே பிரித்துச் சொல்லாத கருத்துரை, தவறான மேசைக்குப் போய் அங்கேயே தங்கிவிடும்.

முதலாவது தனிப்பட்ட பயன்பாடு. 2018 செப்டம்பர் 18 அன்று, வயது வந்த ஒருவர் தனியிடத்தில் தன் சொந்தப் பயன்பாட்டுக்காகக் கஞ்சாவை வளர்ப்பதையும் வைத்திருப்பதையும் பயன்படுத்துவதையும் குற்றமாக்குவது, அந்தரங்க உரிமையைத் தரும் 14ஆம் பிரிவுக்கு முரணானது என்று அரசியலமைப்பு நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அந்த வழக்கில் முன்னின்ற காரெத் பிரின்ஸ், 2002இல் இதே நீதிமன்றத்தில் 5க்கு 4 என்ற கணக்கில் தோற்றவர் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். சட்டத்தைத் திருத்த நாடாளுமன்றத்துக்கு 24 மாதம் கொடுக்கப்பட்டது. ஆனால் தனிப்பட்ட பயன்பாட்டுக்கான கஞ்சாச் சட்டத்தில் அதிபர் ராமபோசா கையெழுத்திட்டது 2024 மே 28 அன்றுதான். எவ்வளவு வைத்திருக்கலாம், எத்தனை செடி வளர்க்கலாம் என்ற அளவுகளை அந்தச் சட்டம் விதிமுறைகளுக்கு விட்டுவிட்டது. விற்பனை இன்னும் குற்றமே. இவை பற்றிய கருத்து நீதித்துறை அமைச்சகத்துக்கும் நாடாளுமன்றத்தின் நீதித்துறைக் குழுவுக்கும் போக வேண்டும்.

இரண்டாவது ஹெம்ப், அதாவது போதை தரும் டிஎச்சி என்ற வேதிப்பொருள் மிகக் குறைவாக உள்ள இரகம். 2021 அக்டோபரில் இது வேளாண் பயிராக அறிவிக்கப்பட்டு, வேளாண் துறை அனுமதி வழங்கத் தொடங்கியது. மூன்றாவது மருத்துவக் கஞ்சா. இதற்கு 1965ஆம் ஆண்டின் மருந்துகள் சட்டத்தின் 22சி பிரிவின் கீழ், சாப்ரா என்று சுருக்கமாக அழைக்கப்படும் மருந்து ஒழுங்குமுறை ஆணையம் உரிமம் தருகிறது.

உணவு பற்றிய விதிகள் சுகாதாரத் துறையிடம் இருக்கின்றன என்பதையும் மறக்கக் கூடாது. 2025 மார்ச் 7 அன்று, ஹெம்ப் விதையும் எண்ணெயும் உட்பட, இந்தச் செடியின் எந்தப் பகுதியும் கலந்த உணவுப் பொருளை விற்கத் தடை விதித்து ஒரு விதிமுறை அரசிதழில் வெளியானது. உற்பத்தியாளர்களும் கடைக்காரர்களும் கணக்கோடு எழுதிய எதிர்ப்பு குவிந்ததும், அந்த மாதம் முடிவதற்குள் அது திரும்பப் பெறப்பட்டது. கருத்துரை எழுதி என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் எடுத்துக்காட்டு இதுதான்.

கருத்துக் கேட்கும் அறிவிப்புகள் அரசிதழிலும் நாடாளுமன்ற இணையதளத்திலும் வெளியாகும். பார்லிமெண்டரி மானிட்டரிங் குரூப் தன் இணையதளத்தில் அவற்றைத் தொகுத்துத் தருகிறது. மாதம் இருமுறை பார்த்து வந்தால் எதுவும் தவறாது.

நம் பங்கு எங்கே தொடங்குகிறது

எழுதுபவர் யார், இந்த விஷயம் அவரை எப்படித் தொடுகிறது என்று கருத்துரையின் தொடக்கத்தில் இரண்டு மூன்று வரி எழுதுவது வழக்கம். நட்டால் மாகாணத் தமிழர்களுக்கு அந்த வரிகள் வரலாற்றிலேயே இருக்கின்றன.

1860 நவம்பர் 16 அன்று மதராசிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதற்குப் பத்தே ஆண்டுகளில், 1870இல், நட்டால் அரசு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டங்களைத் தொகுத்தபோது, இந்தியக் கூலிகள் கஞ்சாச் செடியின் எந்தப் பகுதியையும் புகைப்பதையும் வைத்திருப்பதையும், பிறர் அதை அவர்களுக்கு விற்பதையும் கொடுப்பதையும் தடை செய்தது. அந்த விதியின் பெயரிலேயே யார் தண்டிக்கப்பட வேண்டும் என்பது எழுதப்பட்டிருந்தது. கரும்புத் தோட்டத்தில் வேலை குறையும் என்ற கவலைதான் அதற்குப் பின்னால் இருந்தது. தொழிலாளியின் உடல்நலம் பற்றிய அக்கறையை, அதே காலத்துத் தோட்டங்களின் அரைப்பட்டினி ரேஷனிலும் அடி உதையிலும் காண முடியாது. 1923இல் தென்னாப்பிரிக்க அரசு கஞ்சாவையும் அபாயகரமான பொருட்களின் பட்டியலில் சேர்க்கும்படி, ஐ.நா.வுக்கு முன்னோடியான சர்வதேச சங்கத்தைக் கேட்டுக்கொண்டது. 1925ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையில் அது இடம்பெற்றது. 1928இல் நாடு முழுவதற்குமான தடைச் சட்டம் வந்தது.

இந்தத் தொடர்ச்சியை மூன்று வரியில் எழுதினால் போதும். "இந்த மாகாணத்தில் கஞ்சாவுக்கு எதிரான தொடக்க காலச் சட்டங்களில் ஒன்று எங்கள் முன்னோரைக் குறிவைத்து எழுதப்பட்டது; அதனால் அதைத் திருத்தும் இடத்தில் எங்கள் கருத்தையும் பதிவு செய்கிறோம்" என்று எழுதலாம். ஆனால் இந்தச் செடியின் வரலாறு நம்முடையது மட்டும் என்பதுபோல் எழுதுவது தவறு. கஞ்சாவுக்கு இங்கே வழங்கும் டகா என்ற சொல்லே கொய்கொய் மக்களுடையது. ஜூலு, ம்பொண்டோ மக்கள் இதை நமக்கு முன்பே அறிந்தவர்கள். தடைக் காலத்தில் மிக அதிகமாக இழந்தவர்களும் கிழக்குக் கேப்பின் ம்பொண்டோலாந்து மலைச்சரிவுகளில் இதையே பயிரிட்டுப் பிழைத்த குடும்பங்கள்தான்.

பொருளாதாரக் கணக்கு

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். பெரிய எண் ஒன்றைப் போட்டால் கேட்பவர் அசந்துபோவார் என்று நினைக்கிறோம், நடப்பது நேர்மாறானது. 2021இல் வெளியான தேசியக் கஞ்சாத் திட்டம் இந்தத் துறையின் மதிப்பை 28 பில்லியன் ராண்ட் என்றும், 10,000 முதல் 25,000 வேலைகள் உருவாகலாம் என்றும் சொன்னது. 2022 பிப்ரவரியில் அதிபர் தன் ஆண்டு உரையில் 1,30,000க்கும் மேற்பட்ட வேலைகள் என்றார். ஒரே அரசின் இரண்டு எண்களுக்கு இடையே ஐந்து மடங்குக்கும் மேல் இடைவெளி. இவற்றில் எதையும் உங்கள் கருத்துரையின் அடித்தளமாக வைக்க வேண்டாம். "அரசு எதிர்பார்க்கும் வேலைகள் எந்த விதிமுறையின் கீழ், யாருக்குக் கிடைக்கும்?" என்று கேட்பதற்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

உங்கள் சொந்தக் கணக்கு ஒரு ஹெக்டேரில் தொடங்கட்டும். நட்டாலின் வடகரையில் கரும்பு வைத்திருக்கும் சிறு விவசாயி ஒருவர் உழவு, விதை, உரம், களை எடுத்தல், வெட்டுக்கூலி, வண்டி வாடகை ஆகியவற்றுக்குச் சென்ற ஆண்டு எவ்வளவு கொடுத்தார் என்பது அவருடைய நோட்டுப் புத்தகத்தில் இருக்கும். அதற்குப் பக்கத்தில் ஹெம்புக்கான நெடுவரிசையை எழுதுங்கள். கரும்பை ஆலைக்குத் தொலைவில் நட்டால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். ஹெம்புத் தண்டுக்கும் அதே கதைதான். தண்டில் நார் ஏறக்குறைய கால் பங்கு முதல் முப்பது விழுக்காடு வரை. மீதியில் பெரும்பகுதி உள்தண்டுச் சக்கை. காய்ந்த தண்டு இடத்தை அடைக்கும், எடை குறைவு, ஆகவே நாரைப் பிரிக்கும் இயந்திரம் பக்கத்தில் இல்லாவிட்டால் லாரி வாடகையே வருமானத்தைத் தின்றுவிடும். அதனால் "ஹெம்பை அனுமதியுங்கள்" என்று கேட்பதைவிட, "நார் பிரிக்கும் ஆலைக்கு வடகரையில் ஓர் இடம் ஒதுக்குங்கள்" என்று கேட்பதே விவசாயிக்கு உதவும். 2022 அக்டோபரில் டோங்காட் ஹியூலெட் நிறுவனம் மீட்பு நடவடிக்கைக்குள் சென்றபோது, ஒரே ஆலையை நம்பி ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இருப்பதன் ஆபத்தை எல்லோரும் பார்த்தோம். இரண்டாவது பயிர் வேண்டும் என்ற வாதத்துக்கு அதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

சந்தை சரிந்த நாடுகளின் கதையையும் மறைக்காமல் எழுதுங்கள். அமெரிக்கா 2018இல் ஹெம்பைச் சட்டபூர்வமாக்கியதும் செடியிலிருந்து எடுக்கும், போதை தராத சிபிடி எண்ணெய்க்காக எல்லோரும் ஒரே நேரத்தில் நட்டார்கள். அந்நாட்டு வேளாண் துறையின் கணக்குப்படி ஹெம்ப் விளைச்சலின் மதிப்பு 2021இல் 824 மில்லியன் டாலராக இருந்து 2022இல் 238 மில்லியனாக விழுந்தது. கொலராடோ மாநிலம் கஞ்சா விற்பனையிலிருந்து 2021இல் 423 மில்லியன் டாலர் வரியும் கட்டணமும் பெற்றது. 2023இல் அது 274 மில்லியன். இந்த எண்களை நாமே எடுத்து வைத்தால், வாங்குபவரோடு முன்கூட்டியே ஒப்பந்தம் இல்லாமல் சிறு விவசாயியை இதில் இறக்கக் கூடாது என்ற நம் கோரிக்கைக்கு அவையே காரணமாகிவிடும். எதிர்த்தரப்பு எடுத்து வைத்தால் அது நம் வாதத்தை உடைக்கும் கல்லாகும்.

அரைகுறைச் சட்டத்தின் விலை என்ற ஒரு தலைப்புக் கட்டாயம் வேண்டும். 2018க்குப் பிறகு நகரத்தில் வசதியுள்ளவர் தன் வீட்டிலேயே வளர்த்துக்கொள்ளலாம். ஆனால் ம்பொண்டோலாந்து விவசாயி தன் விளைச்சலை விற்றால் குற்றவாளி. அங்கே விலை சரிந்துவிட்டதாக விவசாயிகள் தொடர்ந்து சொல்லி வருகிறார்கள். மருத்துவக் கஞ்சாவுக்கான உரிமம் கேட்கும் வேலி, காவல், ஆய்வகம், தரச்சான்று எல்லாம் முதலீட்டாளருக்கு எட்டும், அரை ஹெக்டேர் வைத்திருக்கும் அம்மாவுக்கு எட்டாது. பயன்பாட்டை மட்டும் விடுவித்து விற்பனையைத் தடுத்தால் வருமானம் ஏழையிடமிருந்து வசதியுள்ளவரிடம் இடம் மாறுகிறது என்பதே என் கருத்துரைகளில் நான் அழுத்திச் சொல்லும் வாதம்.

அரசின் செலவுப் பக்கத்தையும் சேர்க்கலாம். கஞ்சா வைத்திருந்ததற்காக உங்கள் மாவட்டத்தில் எத்தனை கைதுகள் என்று, 2000ஆம் ஆண்டின் தகவல் அறியும் சட்டத்தின் கீழ் படிவம் 2ஐ நிரப்பி, காவல்துறையின் தகவல் அலுவலரிடம் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். வந்த எண்ணை அப்படியே இணையுங்கள். குற்றப் பதிவு ஒன்று இருந்தால் பாதுகாவலர் வேலை கூடக் கிடைப்பது கடினம் என்பதை, பெயர் குறிப்பிடாமல், உங்களுக்குத் தெரிந்த ஒரு வீட்டின் கதையாக இரண்டு வரியில் எழுதுங்கள்.

சுற்றுச்சூழல் கணக்கு

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்க வேண்டும். தமிழ் அகராதிகள் ஹெம்புக்குச் சணல் என்று பொருள் போட்டுவிடுகின்றன. நாம் சாக்குப்பை என்று அறியும் சணல் வேறு செடி. வயலில் மடக்கி உழும் சணப்பு இன்னொரு செடி. அது அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது, காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்க்கும். ஹெம்ப் கஞ்சாக் குடும்பத்தைச் சேர்ந்தது, அது நைட்ரஜனைச் சேர்க்காது, உறிஞ்சும். சணப்பின் புகழை ஹெம்புக்குக் கொடுத்து, "உரமே வேண்டாம், மண்ணை வளமாக்கும்" என்று எழுதிய கருத்துரைகளை நான் பார்த்திருக்கிறேன். வேளாண் துறையில் இருப்பவர் அந்த ஒரு வரியைப் படித்ததும் மற்றவற்றையும் நம்ப மாட்டார்.

அடுத்தது கரியமில வாயு. தொடக்கத்தில் நானும் இணையத்தில் கண்ட ஒரு பெரிய எண்ணை அப்படியே எழுதி, ஒரு கூட்டத்தில் அது எங்கிருந்து வந்தது என்று கேட்டபோது பதில் இல்லாமல் நின்றேன். அதன் பிறகு எப்போதும் கணக்கை வாசகர் கண்முன்னே போடுகிறேன். ஒரு ஹெக்டேரில் 6 டன் காய்ந்த தண்டு கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். காய்ந்த தாவரப் பொருளில் ஏறத்தாழ 45 விழுக்காடு கார்பன், ஆக 2.7 டன். அதைக் கரியமில வாயுவாக மாற்ற 44ஆல் பெருக்கி 12ஆல் வகுத்தால் 9.9 டன். இப்போது கழிக்க வேண்டியதைக் கழிப்போம். 100 கிலோ நைட்ரஜன் உரம் போட்டால், பன்னாட்டுக் காலநிலைக் குழுவின் பொது வழிமுறைப்படி அதில் 1 விழுக்காடு நைட்ரஸ் ஆக்சைடாக வெளியேறும். அது சுமார் 1.57 கிலோ வாயு, அதன் வெப்பமேற்றும் வலு கரியமில வாயுவைப்போல் 273 மடங்கு, ஆக 429 கிலோ. உரம் தயாரிப்பதில் வெளியாகும் புகையும் டிராக்டர் டீசலும் தனி.

இதைவிட முக்கியமான கேள்வி, அந்தத் தண்டு எங்கே போகிறது என்பது. எரித்தாலோ காகிதமாகிக் குப்பையில் மக்கினாலோ உறிஞ்சிய வாயு திரும்பக் காற்றுக்கே போய்விடும். சுவருக்குள் போனால் அந்தச் சுவர் நிற்கும் வரை அங்கேயே இருக்கும். சக்கையைச் சுண்ணாம்போடு கலந்து செய்யும் கட்டி கட்டடத்தின் எடையைத் தாங்காது, சுவரை நிரப்பத்தான் உதவும். கேப் டவுனில் ஹாரிங்டன் தெருவில் உள்ள 12 மாடிக் கட்டடத்தில் ஹெம்புக் கட்டிகள் சுவராக நிற்கின்றன. சுண்ணாம்பைச் சுடும்போதும் கரியமில வாயு வெளியாகிறது என்பதால் அதையும் கணக்கில் காட்ட வேண்டும். அப்படியும் ஒரு கேள்வி எழும்: இதற்குப் பணம் கிடைக்குமா? 2025ஆம் ஆண்டின் கார்பன் வரி டன்னுக்கு 236 ராண்ட். 9.9 டன் முழுவதையும் அந்த விலைக்கு விற்க முடிந்தால்கூட ஒரு ஹெக்டேருக்கு 2,336 ராண்ட்தான். கார்பனை நம்பி யாரும் ஹெம்ப் நட முடியாது; நாருக்கும் சக்கைக்கும் விலை கிடைத்தால், கார்பன் மேல்வரும்படியாகச் சேரும். இதை நாமே எழுதினால் நம் மற்ற வாதங்களுக்கும் மதிப்புக் கூடும்.

கரும்போடு ஒப்பிடும்போது நிதானம் தேவை. அறுவடைக்கு முன் சோகை எரிக்கும் நாட்களில் துணிக்கொடியில் கரித்தூள் விழுவதை வடகரையில் வாழும் எவரும் அறிவார்கள். ஹெம்புக்கு அந்த எரிப்பு இல்லை, 90 முதல் 120 நாளில் அறுவடைக்கு வரும், நெருக்கி விதைத்தால் களையை அமுக்கிவிடும், ஆகவே களைக்கொல்லிச் செலவு குறையும். பழைய கரும்புக் கட்டையைப் பெயர்த்துவிட்டு மறுநடவு செய்வதற்கு இடையில் உள்ள மாதங்களில் இதை இடைப்பயிராக வைக்கலாம் என்பதுதான் இங்குள்ள நிலத்துக்குப் பொருந்தும் வாதம் என்று நினைக்கிறேன். கரும்பையே தூக்கிவிட்டு ஹெம்ப் என்று எழுத வேண்டாம். நார் பிரிய ஊறவைப்பதைப் பற்றியும் ஒரு நிபந்தனை வேண்டும்: குட்டையிலோ ஆற்றிலோ தண்டை ஊறப்போட்டால் நீரிலுள்ள பிராணவாயு தீர்ந்து மீன் சாகும். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பின் மாதக்கணக்கில் குடிநீர் இல்லாமல் தவித்த டோங்காட் மக்களுக்கு ஆற்றின் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வயலிலேயே பரப்பிப் பனியில் பதப்படுத்தும் முறையை மட்டும் அனுமதிக்கும்படி எழுதுங்கள்.

தடையே சுற்றுச்சூழலைக் கெடுக்கிறது என்பதற்கு இரண்டு வலுவான சான்றுகள் உள்ளன. ம்பொண்டோலாந்தில் காவல்துறை ஹெலிகாப்டர்கள் கஞ்சா வயல்கள்மீது கிளைபோசேட் என்ற களைக்கொல்லியைத் தெளித்தன. மருந்து சோளத்திலும் காய்கறியிலும் ஓடைநீரிலும் விழுந்ததாக ஊர்மக்கள் முறையிட்டார்கள். 2015இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு கிளைபோசேட்டை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ள பொருள் என்று வகைப்படுத்தியது. இரண்டாவது, ஒளித்து வளர்க்க வேண்டியிருப்பதால் செடி வீட்டுக்குள்ளும் கொட்டகைக்குள்ளும் போகிறது. விளக்கும் குளிரூட்டியும் வைத்து வளர்த்தால், ஒரு கிலோ காய்ந்த பூவுக்கு 2,283 முதல் 5,184 கிலோ வரை கரியமில வாயுவுக்கு இணையான மாசு வெளியாகிறது என்று கொலராடோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் அமெரிக்க இடங்களுக்குக் கணக்கிட்டார்கள். நம் மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்து வருகிறது. டர்பன் பாய்சன் என்று உலகமே அறிந்த இரகம் பிறந்த கரையில், வெயிலும் மழையும் இலவசமாக இருக்கும்போது, நிலக்கரி மின்சாரத்தில் செடி வளர்ப்பதற்கு ஒரே காரணம் சட்டம்தான். திறந்தவெளிச் சாகுபடிக்குக் கட்டணம் குறைவாகவும் உள்ளறைச் சாகுபடிக்கு அதிகமாகவும் இருக்க வேண்டும் என்ற கோரிக்கையை இங்கே வையுங்கள்.

சாட்ஸ்வர்த் தாயின் கேள்வி

எதிர்ப்பவர்களை ஒதுக்கிவிட்டு எழுதிய கருத்துரை பாதிக் கருத்துரை. டர்பனில் நம்மவர்கள் மிகுதியாக வாழும் சாட்ஸ்வர்த்திலும் பீனிக்ஸிலும் "சுகர்ஸ்" என்ற மட்டரக ஹெராயின் கலவை எத்தனை வீடுகளை அழித்திருக்கிறது என்று நமக்குத் தெரியும். மகனைப் பறிகொடுத்த ஒரு தாய், "இன்னொரு போதையைக் கடையில் வைக்கப் போகிறீர்களா?" என்று கேட்டால், அவருக்குப் புள்ளிவிவரத்தால் பதில் சொல்லக் கூடாது. கஞ்சாவால் தீங்கு உண்டு என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும்: வளரும் வயதில் அடிக்கடி பயன்படுத்துவது மனநோய்க்கான வாய்ப்பைக் கூட்டுகிறது, வண்டி ஓட்டும் திறனைக் குறைக்கிறது, பழக்கத்துக்கு அடிமையாவதும் உண்டு. வயது பார்க்காமல் விற்பவன் இன்று தெருமுனையில் நிற்கிறான். அவனிடமே சுகர்ஸும் இருக்கிறது. இந்த இரண்டையும் பிரிப்பதற்காகவே உரிமம் பெற்ற, வயதைச் சோதிக்கும், விளம்பரம் செய்யத் தடையுள்ள விற்பனையைக் கேட்கிறோம் என்றும், வரியில் ஒரு பங்கு அதே பகுதியின் மறுவாழ்வு இல்லங்களுக்குப் போக வேண்டும் என்றும் எழுதுங்கள். ஹெம்பால் போதை ஏறாது என்பதைத் தனி வரியில் சொல்லுங்கள். பெரியவர்கள் பலர் இரண்டையும் ஒன்றாகவே நினைக்கிறார்கள்.

கோரிக்கைகளை எழுதுவது

கருத்துரையின் முடிவில் மூன்று அல்லது நான்கு கோரிக்கைகள் போதும். ஒவ்வொன்றும் வரைவின் எந்தப் பிரிவை, எந்தச் சொற்களாக மாற்ற வேண்டும் என்று காட்ட வேண்டும். ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரிவாகத் தருகிறேன்.

2021இல் ஹெம்ப் அனுமதி தொடங்கியபோது டிஎச்சி எல்லை 0.2 விழுக்காடு. எழுதும் நாளில் நடப்பில் உள்ள விதியில் என்ன எல்லை என்று முதலில் பாருங்கள். உலகம் முழுவதும் இந்த எல்லைகளின் வேர் 1976இல் எர்னஸ்ட் ஸ்மாலும் ஆர்தர் குரோன்குவிஸ்டும் செடிகளை வகைப்படுத்த வைத்த 0.3 என்ற கோடு; அது போதையை அளக்க வைத்தது அன்று. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் 0.2ஐ 0.3 ஆக்கியது, சுவிட்சர்லாந்தில் 1. டர்பன் ஏறத்தாழ 30 பாகை தெற்கில் இருப்பதால் இங்கே கோடையின் மிக நீண்ட பகலும் 14 மணி நேரத்தைச் சற்றே தாண்டும். வட ஐரோப்பாவின் நீண்ட பகலுக்குப் பழகிய விதை இங்கே முளைத்ததும் இரவு நீளமாக இருக்கிறதென்று உணர்ந்து, இடுப்புயரம் வளரும் முன்பே பூத்துவிடும். நம் மண்ணுக்கேற்ற விதையைத் தேர்ந்தெடுக்கப் பல பருவம் ஆகும், அதுவரை சில வயல்கள் எல்லையைச் சற்றே தாண்டும். ஆகவே கோரிக்கை இப்படி இருக்கலாம்: "சோதனையில் எல்லையைத் தாண்டிய பயிரை முழுவதும் அழிக்க வேண்டும் என்பதற்குப் பதிலாக, பூவையும் இலையையும் மட்டும் அதிகாரியின் முன்னிலையில் அழித்துவிட்டு, தண்டை நாருக்குப் பயன்படுத்த அனுமதிக்க வேண்டும்." படிப்பவர் அப்படியே எடுத்து வரைவில் ஒட்டக்கூடிய வாக்கியம் இது.

மற்றவை: ஒரு ஹெக்டேருக்குக் குறைந்த சாகுபடிக்கு எளிய, கட்டணம் குறைந்த உரிமம், தடைக் காலத்தில் பயிரிட்டவர்களுக்கு உரிமத்தில் முன்னுரிமை, பழைய குற்றப் பதிவுகள் நீக்கப்படும் என்று 2024ஆம் ஆண்டுச் சட்டம் சொல்வதை, மக்கள் அலைந்து விண்ணப்பிக்க வேண்டியில்லாமல் செய்து முடிப்பது.

மொழி, அனுப்புதல்

நம் அரசியலமைப்பின் 6ஆம் பிரிவு, தமிழை மதித்து வளர்க்கப்பட வேண்டிய மொழிகளில் ஒன்றாகப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஆனால் அது ஆட்சிமொழி அன்று. ஆகவே முதல் வரைவைத் தமிழில் எழுதி, வீட்டுப் பெரியவர்களுக்கும் கோவில் குழுவுக்கும் படித்துக் காட்டி, அவர்கள் சொல்வதைச் சேர்த்த பிறகு, ஆங்கிலத்திலோ ஜூலுவிலோ எழுதி அனுப்புங்கள். தமிழில் ஒருமுறை எழுதும்போதுதான் எந்த வாதம் உண்மையில் நமக்கே விளங்கவில்லை என்பது தெரியவரும். மொத்தம் நான்கு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். கணக்குகளை இணைப்பாக வையுங்கள்.

ஒரே மாதிரிக் கடிதத்தில் 200 பேர் கையெழுத்திடுவதைவிட, ஐந்து குடும்பங்கள் தங்கள் சொந்த நிலக்கணக்கோடு ஐந்து கடிதம் அனுப்புவது நல்லது. ஒவ்வொரு கடிதத்திலும் "நேரில் வந்து பேச விரும்புகிறேன்" என்ற வரி இருக்க வேண்டும். அந்த வரி இல்லாவிட்டால் வாய்மொழி விசாரணைக்கு அழைப்பு வராமல் போகலாம். அழைத்தால் கிடைப்பது சில நிமிடம்தான், ஆகவே கோரிக்கைகளிலிருந்தே பேச்சைத் தொடங்குங்கள். கடைசி நாளுக்குக் குறைந்தது நான்கு நாள் முன்னதாக மின்னஞ்சலில் அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புதல் இரண்டு நாளில் வராவிட்டால், அறிவிப்பில் பெயர் கொடுக்கப்பட்டுள்ள குழுச் செயலரைத் தொலைபேசியில் அழைத்து, பேசிய தேதியையும் நேரத்தையும் கடிதத்தின் பிரதியிலேயே குறித்து வையுங்கள்.